வீட்டுக்காரர் வாசலில் நிற்க வேண்டும்: 60 பேருக்கு வீட்டோடு ஒரு விருந்து

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன், தங்கச்சி. கிழக்கிலங்கைக் காரைதீவில் உங்கள் வீட்டில் விருந்து. அப்பா ஆசிரியர் சேவையிலிருந்து ஓய்வு பெறுகிறார், அவருக்கு 60 வயதும் நிறைகிறது, இரண்டையும் சேர்த்து வைக்க நினைக்கிறீர்கள். ஆட்கள் 60 பேர் அளவில்: சொந்தக்காரர், அயல், அப்பாவோடு படிப்பித்த கல்முனை, சாய்ந்தமருது ஆசிரியர்கள், அம்பாறையிலிருந்து ஒரு சிங்களக் குடும்பம். மண்டபம் எடுக்க வசதியில்லை. ஜனவரி இரண்டாம் சனி இரவு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். தம்பியின் பிறந்தநாளில் கேக் வெட்ட இரவு ஒன்பது மணியாகி, சோறு ஆறி, பிந்தி வந்தவர்களுக்குக் கோழி இல்லாமல் போனதையும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். என் வீட்டிலும் அக்கா, தங்கச்சி வீடுகளிலும் முப்பது வருசத்துக்கு மேலாக இப்படியான விருந்துகளை முன்னின்று செய்து வருகிறேன். அதில் ஒரு நாள் மட்டும் இன்னும் மனத்தில் கிடக்கிறது. மூத்த மகளின் முதலாவது பிறந்தநாள். பின்னேரம் நாலரைக்கு ஆட்களைச் சொல்லியிருந்தோம். வடை சூடாகக் கொடுக்க வேண்டுமென்று மாவை அரைத்து வைத்துக்கொண்டு, ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் தாச்சியை அடுப்பில் வைத்தேன். என் அப்பாவின் பழைய சினேகிதர் ஒருவர் வாவியின் மறுகரையான படுவான்கரையிலிருந்து தோணித்துறை கடந்து வந்திருந்தார். வெள்ளைச் சாரன், தோளில் சால்வை, கையில் ஒரு பை கச்சான். அப்பா வெளியே போயிருந்தார். அவர் விறாந்தைக் கதிரையில் தனியாக இருந்தார். யாரோ ஒரு தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணித்தியாலம் போனபின் குசினி வாசலுக்கு வந்து, "பிள்ளைக்கு வேலையாக் கிடக்கு. துறை மூட முந்தி நான் போயிட்டு வாறன் மகள்" என்று சொல்லி, கச்சான் பையை நிலைப்படி ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் முதல் ஈடு வடை இறங்கியது. அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து எந்த விருந்துக்கும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆட்கள் வரத் தொடங்கும் நேரத்தில் வீட்டுக்காரரின் கை ஓய்ந்திருக்குமா? நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். வந்தவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், அவருக்குத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருத்த வேண்டும். நாள் பார்ப்பது, சமையலைத் தீர்மானிப்பது, வேலையைப் பிரிப்பது எல்லாம் அதற்காகத்தான்.

முதலில் நாள். ஜனவரி இரண்டாம் சனி இரவு வேண்டாம். எங்கள் பக்கத்துக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. நவம்பரில் பிடித்தால் ஜனவரி வரை விட்டுவிட்டுக் கொட்டும். காரைதீவும் கல்லடியும் மணல் பூமி. மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் வளவு நடக்கக்கூடியதாகிவிடும், அதை நம்பித்தான் பலர் துணிகிறார்கள். ஆனால் மேல்மணல் காய்ந்தாலும் கீழே தண்ணீர் மட்டம் ஏறித்தான் நிற்கும். கிணற்றில் எட்டிக் கையால் மொள்ளலாம் போலிருக்கும். அந்த நாட்களில் மலக்குழியும் தண்ணீரை உறிஞ்சாது. ஐந்து பேர் பாவிக்கும்போது தெரியாத குறை 60 பேர் வந்த இரவில் தெரியவரும். பந்தல் போட்டு மழையைச் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது. அதோடு அது பொங்கல் வாரம். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் தங்கள் வேலை இருக்கும்.

அப்பாவின் பிறந்தநாளன்று காலையில் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்து, வீட்டில் பால்சோறு பொங்கி, உங்கள் குடும்பம் மட்டும் இருந்து சாப்பிடுங்கள். பெரிய விருந்தைத் தள்ளி வையுங்கள். பெப்ரவரியில் மழை ஓயத் தொடங்கும், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பெரும்போக வேளாண்மை வெட்டு பெப்ரவரி, மார்ச்சில்தான் நடக்கும். வயல் உள்ள மாமாக்கள் மெசினுக்கும் லொறிக்கும் பின்னால் அலைவார்கள், விருந்துக்கு வந்தாலும் மனம் வயலில்தான் இருக்கும். மற்றது நோன்பு. இஸ்லாமிய மாதங்கள் ஆண்டுக்குப் 10, 11 நாள் முன்தள்ளி வரும். இப்போதைய ஆண்டுகளில் நோன்பு பெப்ரவரி, மார்ச் பக்கம் விழுகிறது. சாய்ந்தமருது முஸ்லிம் ஆசிரியர்களைப் பகல் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அவர்களைப் பார்க்க வைத்துச் சாப்பிட முடியாது. ஆகவே நோன்புப் பெருநாள் முடிந்து, ஏப்ரல் நடுவில் வரும் சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னால் உள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பொருந்தும். முழுநிலாப் போயா நாளாக இருக்கக்கூடாது, அன்று இறைச்சிக் கடை பூட்டு. வெள்ளிக்கிழமை வேண்டாம். நம்மில் பாதிப்பேர் அன்று மரக்கறி, முஸ்லிம்களுக்கு ஜும்மா. வைகாசிக்குத் தள்ளிவிடாதீர்கள். கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கினால் உங்கள் ஊரில் மீன், இறைச்சி காய்ச்சும் வீட்டைத் தேடத்தான் வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் யாருக்கும் பிறப்பு, இறப்புத் துடக்கு இருக்கிறதா என்று பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பின்னொரு காலம் டிசம்பரில் ஏதாவது வைக்க நினைத்தால் 26ஆம் திகதியைத் தொடாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோர ஊர்களில் அது விளக்கேற்றும் நாள்.

இரவை விட்டுப் பகலுக்கு மாறுங்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அம்பாறையிலிருந்து வரும் குடும்பம் இரவில் யானை நடமாடும் பாதையால் திரும்பிப் போக வேண்டும். இன்சுலின் போடும் வயதானவர்கள் ஒன்பது மணிவரை பசியோடு காத்திருக்க முடியாது. கறண்ட் போனாலும் பகலில் விருந்து நிற்காது. 11 மணிக்கு வரச் சொல்லி, 12 மணிக்கு முதல் பந்தி வைத்து, இரண்டரைக்கு வெற்றிலை கொடுத்து அனுப்பினால் ஒருவருக்கும் சிரமமில்லை.

அழைப்பு. அட்டை அடிக்க வேண்டாம், அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு சட்டி தயிர் வாங்கலாம். வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், ஆனால் பெரியவர்களுக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் மட்டும் சொன்ன மாமா "எனக்குச் சொல்லேல்ல" என்றுதான் நினைப்பார், அது நியாயமும்கூட. அப்பாவோடு வேலை செய்தவர்களை அப்பாவே தொலைபேசியில் கூப்பிடட்டும். எல்லோரிடமும் "11 மணி, பகல் சாப்பாடு, இரண்டரைக்கு முடியும்" என்று நேரத்தைத் திறந்து சொல்லுங்கள். மூன்று நாளைக்கு முன் ஒருவர் இருந்து எல்லோருக்கும் அழைத்து "எத்தனை பேர் வாறீங்க?" என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுத வேண்டும். என் அனுபவத்தில், வீட்டுக்குப் போய்ச் சொன்ன சொந்தக்காரர் சொன்னதைவிட ஒருவர் கூடத்தான் வருவார்கள், வேலையிடத்துச் சினேகிதர் ஒன்றிரண்டு குறைவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, ஆனால் அவர்களும் வருவார்கள், வரத்தான் வேண்டும். 60 என்று நீங்கள் சொன்னால் நான் 70க்கு உலை வைப்பேன்.

இனிச் சாப்பாடு. பிரியாணி என்று தம்பி நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பிரியாணி பிடிக்கும். ஆனால் உங்கள் விருந்தாளிகளைப் பாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், மாட்டிறைச்சி தொடாதவர்கள், ஹலால் பார்ப்பவர்கள், தவக்காலத்தில் இறைச்சி விடும் கத்தோலிக்க ஆசிரியர் யாரும் இருந்தால் அவர்கள். இறைச்சி சோற்றுக்குள்ளேயே இருந்தால் இவர்களில் பலருக்குத் தனி உலை, தனிச் சட்டி, தனிக் கரண்டி தேவைப்படும். விருந்து நடுவில் "எனக்கு வெறுஞ்சோறு இருக்கா?" என்று ஒருவர் கேட்க வேண்டி வந்தால் அது அவருக்குக் கூச்சம். நெய்ச்சோறு வையுங்கள். அதில் இறைச்சி இல்லை, ஆகவே சோறு எல்லோருக்கும் பொது. கோழிக் கறி தனியே ஒரு கரையில். சைவக் கறிகள் மறுகரையில்: பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், கஜுவும் பச்சைப் பட்டாணியும் போட்ட பால்கறி, வெள்ளரிக்காய்ச் சம்பல், பப்படம். முடிவில் எருமைத் தயிரும் பாணியும். இவ்வளவு போதும். எட்டுப் பத்துக் கறி வைத்துப் பெயர் எடுக்க நினைத்தால் நீங்கள் குசினியை விட்டு வெளியே வரமாட்டீர்கள்.

இறாலும் நண்டும் வாவியிலிருந்து நல்லதாகக் கிடைக்கும், ஆசையும் வரும். ஆனாலும் இந்த விருந்துக்கு வேண்டாம். 70 பேருக்கு நண்டு உடைத்துச் சுத்தம் செய்யவே அரை நாள் போகும். வெயிலில் முதலில் பழுதாவதும் இவைதான், ஒத்துவராமல் உடம்பு தடிப்பவர்களும் இருப்பார்கள். குடும்பத்தோடு எட்டுப் பேர் இருக்கும் நாளில் நண்டு காய்ச்சுங்கள்.

முஸ்லிம் விருந்தாளிகள் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனத்தோடு கூப்பிட்டுவிட்டு இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கோழியைக் கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ முஸ்லிம் கடையில் எடுங்கள். எடுத்ததைச் சொல்லியே கூப்பிடுங்கள், "கோழி இன்ன கடையில எடுத்தது சேர்" என்ற ஒரு வரி போதும். அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள், கேட்க வைக்காதீர்கள். சமைக்கும் கிடாரத்தை வாடகைக்கு எடுப்பது நல்லது. பன்றி இறைச்சி காய்ச்சிய சட்டி எதுவும் அன்று குசினிக்குள் வரக்கூடாது. புடிங் வைப்பதானால் ஜெலட்டின் போட வேண்டாம், கடற்பாசி போட்டால் எல்லோரும் சாப்பிடலாம். கேக் சொல்லும் இடத்தில் பிராந்தி, ரம் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரிச் கேக்கில் போடுவது வழக்கம், கேட்காவிட்டால் போட்டுவிடுவார்கள். 12 மணி கழிந்ததும் ளுஹர் தொழுகை நேரம் வரும். ஓர் அறையைக் கூட்டித் துடைத்து, சுத்தமான ஒரு பாயை விரித்து, கை கால் கழுவ வாளியும் கோப்பையும் வைத்து, "தொழுறதெண்டா இந்த அறை" என்று வந்தவுடன் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மது இந்த வீட்டில் அன்று வேண்டவே வேண்டாம். வளவின் பின்பக்கத்தில் இளைஞர்கள் நாலு பேர் கூடினால்கூட முன்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவின் முகம்தான் சுருங்கும்.

சைவக்காரருக்கும் இதே கவனம் வேண்டும். சீனிச் சம்பலிலும் சுண்டலிலும் மாசிக் கருவாடு போடுவது எங்கள் கைப்பழக்கம். சைவக் கறி என்று வைத்ததில் மாசித் துண்டு தட்டுப்பட்டால் அந்த மனிதர் அதோடு கையைக் கழுவிவிடுவார். அன்று மாசிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். கரண்டிகளின் பிடியில் நூல் கட்டுங்கள், சைவத்துக்கு மஞ்சள் நூல், கோழிக்குச் சிவப்பு நூல். பரிமாறும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கண்டவுடன் விளங்கும்.

அளவு கேட்டிருக்கிறீர்கள். 70 பேருக்கு அரிசி 9 கிலோ, ஆளுக்கு 130 கிராம் அளவில் வரும். சுத்தம் செய்த கோழி 14 கிலோ, ஆளுக்கு 200 கிராம். பருப்பு இரண்டரைக் கிலோ. கத்தரிக்காய் 7 கிலோ. தேங்காய் 25. ஒரு லீற்றர் தயிர்ச் சட்டி 10. குடிக்கும் தண்ணீர் 19 லீற்றர் போத்தல் ஐந்து. வெயில் காலத்தில் தண்ணீரைத்தான் எல்லோரும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். கேக் 5 கிலோ, ஒரு துண்டு சிறிதாக வெட்டினால் எல்லோருக்கும் காணும். போனமுறை கோழி முடிந்ததற்குக் காரணம் கோழி குறைந்தது மட்டுமில்லை என்று நினைக்கிறேன், பரிமாற ஆள் இல்லாமல் சட்டியை மேசையில் விட்டிருப்பீர்கள். சோற்றையும் கறிகளையும் விருந்தாளிகள் எடுக்கட்டும். கோழியை மட்டும் ஓர் ஆள் கரண்டியோடு நின்று முதலில் இரண்டு துண்டு வைத்துக் கொடுக்கட்டும், எல்லோரும் சாப்பிட்டபின் இரண்டாம் தடவை கேட்டுக் கொடுக்கட்டும்.

9 கிலோ அரிசியை ஒரே கிடாரத்தில் போட வேண்டாம். பழகிய கை இல்லாவிட்டால் அடி குழைந்து மேல் வேகாமல் நிற்கும். நாலரைக் கிலோவாக இரண்டு உலை வையுங்கள். முதல் உலை பதினொன்றரைக்கு இறங்கட்டும், இரண்டாவது பன்னிரண்டரைக்கு. இதில் இன்னொரு நன்மையும் உண்டு: பிந்தி வருபவருக்கும் சூடான சோறு. சமைத்த சாப்பாடு எங்கள் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெறுமனே இருக்கக்கூடாது. ஒன்றில் தணலில் நல்ல சூடாக, 60 பாகை செல்சியசுக்கு மேல், இருக்க வேண்டும், அல்லது குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் வயிற்றைக் கெடுக்கும். ஆறிய சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. தேங்காய்ப்பால் கறிக்கு முதற்பாலைக் கடைசியில்தான் விடுங்கள், விட்டபின் மூடி வைத்துத் தணலை மட்டும் கீழே விட்டால் பந்தி முடியுமட்டும் தாங்கும்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, மற்ற ஊர்க்காரர் அதை அறியமாட்டார்கள். வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பதால் அம்மாவின் அக்கா தங்கச்சி வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ இருக்கும். உங்களுக்கும் பெரியம்மா வீடு இடப்பக்கம், சின்னம்மா வீடு பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு மூன்று குசினி, மூன்று குளிர்சாதனப் பெட்டி, மூன்று கழிப்பறை இருக்கின்றன. நெய்ச்சோறும் கோழியும் பின்வளவில் சின்னம்மாவின் தகரக் கொட்டிலில் விறகடுப்பில் வேகட்டும். சைவக் கறி பெரியம்மா வீட்டில். உங்கள் குசினியில் தேத்தண்ணீர், தேசிக்காய்த் தண்ணி, கழுவின கோப்பைகள் மட்டும். உங்கள் சேலையில் புகை மணக்காது. இதை முன்னரே கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். மாப்பிள்ளைமாரிடமும் சொல்லுங்கள், அவர்களும் அந்த வீட்டு மனிதர்கள்.

வேலையைப் பிரிக்கும்போது "எல்லாரும் பாருங்க" என்று விடக்கூடாது. எல்லோருக்கும் சொன்ன வேலையை யாரும் செய்வதில்லை. உலைக்கு ஓர் ஆள். கோழிக் கரண்டிக்கு ஓர் ஆள். தண்ணீருக்கும் ஐசுக்கும் ஓர் ஆள். எச்சில் கோப்பை எடுக்கவும் கழுவவும் மூன்று பேர், அதில் ஒருவரையாவது கூலிக்கு எடுங்கள், சொந்தக்காரரை முழுநேரமும் பாத்திரம் கழுவ விடுவது நன்றாயிருக்காது. வீதியில் மோட்டார் சைக்கிளையும் வாகனத்தையும் ஒழுங்காக நிறுத்த வைக்க ஒரு மச்சான். பிள்ளைகளைப் பார்க்கப் பொறுப்பான ஒரு பெண்பிள்ளை. பெயரை எழுதி குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே "வாசல்" என்று மட்டும் எழுதுங்கள்.

கிணற்றை மறக்க வேண்டாம். எங்கள் வளவுக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு இடுப்பளவுதான். 15 பிள்ளைகள் ஓடி விளையாடும் நாளில் அது திறந்து கிடக்கக்கூடாது. பலகை போட்டு, மேலே கனமாக ஏதாவது வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். விறகடுப்பைச் சுற்றிக் கதிரைகளால் ஒரு மறிப்புப் போடுங்கள். கேற்றைச் சாத்தியே வையுங்கள். கறண்டைப் பொறுத்தவரை, ஒரு 13 அம்பியர் பிளக் தாங்குவது 3000 வாற்று அளவில்தான். ஒரே நீட்டு வயரில் கேத்தல், ஐஸ் பெட்டி, ஸ்பீக்கர் மூன்றையும் கொழுவினால் வயர் சூடேறும். கேத்தல் சுவர்ப் பிளக்கில், மற்றவை வேறு அறையிலிருந்து.

இருக்கைக்கு 40 கதிரை வாடகைக்குப் போதும், பிள்ளைகள் பாயில் இருப்பார்கள். பந்தலுக்குத் தரப்பாள் கட்டும்போது நடுவை உயர்த்தி இருபக்கமும் சரித்துக் கட்டச் சொல்லுங்கள். தட்டையாகக் கட்டினால் ஒரு மழைக்கே வயிறு தள்ளிக் கிழியும், பங்குனியிலும் ஒரு பாட்டம் வரலாம். வெயில் எந்தப் பக்கம் சாய்கிறதென்று விருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே நேரம் வளவில் நின்று பாருங்கள். பெத்தாவுக்கும் அவர் வயதுக்காரர்களுக்கும் விறாந்தையில், படி ஏறாமல், கழிப்பறைக்குக் கிட்டவாக இடம் வையுங்கள். அலங்காரத்துக்கு வாசலில் நிறைகுடம், குருத்தோலைத் தோரணம், இரண்டு வாழை. பலூன் வளைவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

முதல் நாள் பின்னேரம் வெங்காயம் உரித்து, கோழிக்கு உப்பும் மஞ்சளும் தூளும் பிரட்டி மூன்று குளிர்சாதனப் பெட்டியிலும் பிரித்து வையுங்கள். கத்தரிக்காயைப் பொரித்து எடுத்துக் குளிரில் வைத்து, காலையில் பிரட்டலாம். பப்படம் காலையில் பொரித்துக் காற்றுப் புகாத தகரத்தில் போடுங்கள். ஏழு மணிக்குத் தேங்காய் திருவத் தொடங்கினால் பத்தரைக்குக் கோழி இறங்கும். பத்தரைக்கு நீங்கள் குளிக்கப் போக வேண்டும். உலையில் என்ன நடந்தாலும் பத்தரைக்குப் போங்கள். பதினொன்றுக்கு முதல் ஆள் வரும்போது தலை துவட்டி, சேலை உடுத்து வாசலில் நிற்பீர்கள்.

வருபவரை எப்படி இருத்துவது என்பதில்தான் மனம் வையுங்கள். அம்பாறைக் குடும்பத்துக்குத் தமிழ் குறைவென்றால் சிங்களம் தெரிந்த ஒருவரை அவர்கள் பக்கத்தில் விடுங்கள். தனியே வரும் ஆசிரியரை அப்பாவின் பழைய மாணவர் ஒருவரோடு சேர்த்து விடுங்கள், கதை தானாகவே ஓடும். கூட்டத்தில் ஒருவரையும் தெரியாமல் ஓரத்தில் நிற்பவர் யார் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விறாந்தையிலிருந்து ஒரு பார்வை பாருங்கள். பாட்டு வேண்டுமென்றால் கதைக்கக் குரலை உயர்த்தத் தேவையில்லாத அளவில்.

கேக் வெட்டுவது சாப்பாட்டுக்கு முன், பதினொன்றே முக்காலுக்கு. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கொழும்பிலிருந்து வரும் அண்ணன் வழியில் நின்றால் அவருக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள். விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும்போது பேச ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அது அப்பாவுக்கான மரியாதைதான். ஆனாலும் இரண்டு பேருக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம்: கூடவே படிப்பித்த ஒருவர், அவரிடம் படித்த ஒருவர். மற்றவர்கள் எழுதிக் கொடுக்க ஒரு பெரிய கொப்பியும் பேனையும் விறாந்தை மேசையில் வையுங்கள். வரிசையாய்ப் போர்த்தும் பொன்னாடைகளைவிட அந்தக் கொப்பியைத்தான் அவர் பிறகு எடுத்துப் பார்ப்பார். அப்பாவும் அம்மாவும் வாசலால் உள்ளே வரும்போது பெத்தாவும் மாமிமாரும் குரவை போடட்டும். அதை ஸ்பீக்கரில் ஓட விட வேண்டாம், வாயால் போட வேண்டும். அந்தச் சத்தத்தில் பின்வளவில் உலை பார்த்துக்கொண்டிருப்பவரும் எழுந்து வந்து நிற்பார்.

முதல் பந்தியில் பிள்ளைகள், வயதானவர்கள், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், தூரம் போக வேண்டியவர்கள். இவர்களுக்கு மேசையில் வாழையிலை போட்டுப் பரிமாறுங்கள். மற்றவர்கள் தாங்களே எடுத்துச் சாப்பிடட்டும். ஒருதடவை பாவித்தெறியும் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி எல்லாம் 2023 ஒக்டோபரிலிருந்து தடை, தேடி அலைய வேண்டாம். கண்ணாடிக் கோப்பை வாடகைக்குக் கிடைக்கும்.

போகும்போது வெற்றிலை வட்டாவை நீங்களும் உங்கள் கணவரும் பிடித்து நில்லுங்கள். வரமுடியாமல் வீட்டில் இருக்கும் நோயாளிக்குச் சாப்பாடு கட்டுவதானால் தாமரை இலையிலோ வாழையிலையிலோ இரண்டாம் உலைச் சோற்றைப் பன்னிரண்டே முக்காலுக்கே கட்டி அனுப்புங்கள். மூன்று மணிக்கு மிஞ்சிக் கிடக்கும் கோழியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அன்று மாலையே வளவைச் சுற்றி வந்து, புதருக்குள் கிடக்கும் கப், போத்தல் மூடி, சிரட்டை எல்லாம் பொறுக்கிவிடுங்கள். தேங்கின தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் வரைக்கும் ஒரு கிழமை, பத்து நாள்தான் எடுக்கும்.

நாள் முடிவானதும் ஒரு வேலையை மட்டும் உடனே செய்துவிடுங்கள்: தயிருக்குச் சொல்லுங்கள். வருசப் பிறப்பு நெருங்க நெருங்க எருமைத் தயிருக்குக் கேள்வி கூடும், பத்துச் சட்டி ஒரே கையில் கிடைக்காது. சனி பின்னேரம் எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் வெக்கையில் புளிக்கும். ஓட்டோவில் கொண்டு வரும்போது ஒருவர் பின்னால் இருந்து சட்டிகளை மடியிலும் காலுக்கிடையிலும் பிடித்துக்கொள்ள வேண்டும், குலுங்கினால் தயிர் உடைந்து தண்ணீர் விடும். எண்ணிக்கை உறுதியானபின் எழுதுங்கள், கடைச் சாமான் பட்டியலை நான் போட்டுத் தருகிறேன்.